விரதத் தாடியும் வெடிப்புகையும்

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் பாதி ஆண்களுக்குத் தாடி வந்துவிடும். மலைக்குப் போகிறவர்களுக்குக் கறுப்பு வேட்டி, திருச்செந்தூருக்குப் போகிறவர்களுக்குப் பச்சை வேட்டி. எங்கள் வீட்டில் பச்சை. மாலை போட்ட நாளிலிருந்து, தைப்பூசத்துக்கு நடந்துபோய்க் கடலில் முங்கி எழுந்து செந்திலாண்டவன் முன்னால் நிற்கிற வரைக்கும் முகத்தில் கத்தி படக்கூடாது. கவிச்சி கிடையாது. பொய் கிடையாது. தனிப் பாய், தனித் தட்டு. செருப்பும் கிடையாதுதான். ஆனால் எங்க வீட்டுக்காரருக்கு வேலை சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில். அங்கே பூட்ஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அதனால் மாலை போடும்போதே, "வேலைத்தலத்துல மட்டும் பூட்ஸ் போட்டுக்கிடுதேன் முருகா, பொறுத்துக்கோ" என்று சொல்லிவிடுவார்.

அந்த விரதத்தை அவர் தானாகப் போடவில்லை. நான் கேட்டுக்கொண்டேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. போகாத டாக்டர் இல்லை, சாப்பிடாத மாத்திரை இல்லை. "ரெண்டு பேருகிட்டயும் ஒரு கொறையும் இல்ல, காத்திருங்க" என்றுதான் எல்லா இடத்திலும் சொன்னார்கள். கொறை ஒன்று இருக்கிறது என்று சொல்லியிருந்தால் கூட அழுது தீர்த்திருப்பேன். காத்திருங்க என்றால் எதைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது? செந்திலாண்டவன் காலைத்தான் பிடித்தேன்.

எங்கள் பக்கம் டவுன் பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. கைப்பிள்ளையோடு நிற்கிற பொம்பளைகள், உட்கார்ந்திருக்கிறவர்கள் மடியில் பிள்ளையைக் கேட்காமலே வைத்துவிட்டு, "கொஞ்சம் வச்சிக்கிடுங்க மைனி" என்பார்கள். நான் பாளையங்கோட்டைக்குப் போகும்போதெல்லாம் எப்படியாவது முன்வாசல் பக்கம் ஒரு சீட் பிடித்துவிடுவேன். வண்ணாரப்பேட்டை வரைக்கும் ஒரு பிள்ளை மடியில் இருந்தால் போதும், அன்றைக்கு ராத்திரி சேலையை அவிழ்த்து மடிக்கும்போது பால் வாசம் அடிக்கும். அந்தச் சேலையை உடனே துவைக்கப் போட மனசு வராது.

இதை எங்க வீட்டுக்காரரிடம் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு மட்டும் தெரியும். அந்த அக்காவும் அவங்க வீட்டு அண்ணாச்சியும் வேதக்காரர்கள், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அண்ணாச்சிதான் சுரங்கத்தில் வெடி வைக்கிறவர். எங்க வீட்டுக்காரர் அவருக்கு உதவியாள். குழி தோண்டி, அதில் வெள்ளைக் குருணை மாதிரி இருக்கும் மருந்தை டீசலோடு கலந்து இறக்கி, மண் போட்டு மூடி, சங்கு ஊதி, ஆட்களை எல்லாம் விரட்டிவிட்டு வெடிப்பார்கள். புகை அடங்கினதும் முதலில் பள்ளத்துக்குள் இறங்கி, எல்லாம் வெடித்ததா, தூங்குகிற வெடி ஏதும் கிடக்கிறதா என்று பார்க்கிறவர்கள் அவர்கள் ரெண்டு பேரும்தான். அவர்கள் கையைக் காட்டின பிறகுதான் மற்றவர்கள் இறங்கலாம்.

மாலை போட்ட அன்றைக்கு அக்கா என்னைக் கேலி செய்யாமல் விடமாட்டாள். "ஏட்டி, பிள்ளை வேணும்னு வேண்டிக்கிட்டு மாசக்கணக்கா தள்ளிப் படுத்தா பிள்ளை எங்கன இருந்துட்டி வரும்? உங்க முருகன் தபால்லயா அனுப்புவாரு?"

"ஒங்க மாதாவுக்கு மட்டும் எப்படி வந்துச்சாம்?" என்பேன் நான்.

"சீ, வாயப் பொத்து. அதோட நாங்க மாதாவ அப்படிக் கும்பிடுத சபை இல்ல பாத்துக்கோ" என்று சிரிப்பாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் ஜெபத்துல வச்சிருக்கேன்" என்பாள். அது கேலி இல்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சுரங்கத்துக்குப் புதிதாக ஒரு பாதுகாப்பு ஆபீசர் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். "ஏனுங்க", "சொல்லுங்க்" என்று பேசுவார். எங்க வீட்டுக்காரரும் அண்ணாச்சியும் அதைப் பேசிப் பேசிச் சிரிப்பார்கள். வந்தவுடனே அவர் கண்ணில் பட்டது விஷவாயு பற்றின எச்சரிக்கைப் பலகை. மண்டையோடு போட்டது, மேலே ஹிந்தி, அப்புறம் இங்கிலீஷ், அடியில் தமிழ். ஆயுத பூசைக்கு மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்த கையோடு நம் ஆட்கள் அந்தப் பலகைக்கும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருந்தார்கள். தமிழ் எழுத்தில் பாதி சந்தனத்துக்கு அடியில். மிச்சப் பாதி, "உள்ளிழுத்தல் தவிர்க்கப்படல் வேண்டும்" என்று கோர்ட்டில் படிக்கிற தமிழ். அதைவிட மோசம், வெடிக்கார அண்ணாச்சியும் எங்க வீட்டுக்காரரும் போடுகிற ரப்பர் முகமூடிக்கும் பொட்டு வைத்து ஊதுபத்தி காட்டியிருக்கிறார்கள். மூச்சு வெளியே போகிற இடத்தில் உள்ள சின்ன ரப்பர்த் தகட்டில் சந்தனம் காய்ந்து ஒட்டி, அது சரியாக மூடாமல் கிடந்திருக்கிறது.

ஆபீசர் திட்டவில்லையாம். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "சாமி கும்பிடறது தப்பில்லீங்க. ஆனா இது சாமி இல்லீங்க" என்றாராம். எங்க வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிக் காட்டிச் சிரித்தார். எனக்கு அன்றைக்கு அதில் சிரிக்க மட்டும்தான் தெரிந்தது.

பலகையை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று ஆபீசருக்குப் பட்டிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலையாட்களோடு வீட்டுப் பொம்பளைகளும் வர வேண்டும் என்று கூப்பிட்டார். எதற்கு நம்மைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒருத்திக்கும் புரியவில்லை. குக்கர் கொடுப்பார்கள் என்றாள் ஒருத்தி. நானும் அக்காவும் அவள் கோயில் முடிந்து வந்ததும் சேர்ந்து போனோம்.

குக்கர் இல்லை. டீயும் முறுக்கும் கொடுத்துவிட்டு ஆபீசர் பேச ஆரம்பித்தார். அவர் பேசினதை என்னால் இப்போதும் சொல்ல முடியும். வெடிச்ச புகை வெள்ளையாகவோ சாம்பலாகவோ வந்தால் சரி. மழைத்தண்ணீர் நின்ற குழியில் மருந்து நனைந்துபோனால் சரியாக எரியாது. அப்போது வருகிற புகை மஞ்சளாக, ஆரஞ்சாக, செங்கல் நிறமாக வரும். அது பள்ளத்திலேயே படுத்துக் கிடக்கும். அதை மூச்சில் இழுத்தால் நெஞ்சுக்குள் இருக்கிற ஈரத்தில் பட்டு அமிலமாகும்.

"இது மத்த விஷம் மாதிரி இல்லீங்க" என்றார். "மத்ததுன்னா அங்கயே மயக்கம் வரும், வாந்தி வரும், நாலு பேரு தூக்கிட்டு ஓடுவாங்க. இதுல லேசா ஒரு இருமல் வரும், அப்புறம் சரியாப் போயிரும். மனுசன் நல்லா வீட்டுக்கு வந்து, குளிச்சு, சோறு சாப்பிட்டு, சிரிச்சுப் பேசிட்டுப் படுப்பாரு. பல மணி நேரம் கழிச்சு நெஞ்சுல தண்ணி கோத்துக்கும். அப்ப எங்க இருப்பாரு? சுரங்கத்துலயா? உங்க வீட்ல. யாரு பக்கத்துல இருப்பாங்க? நானா? நீங்க. அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டது."

முறுக்குக் கடிக்கிற சத்தம் நின்றுபோனது.

"தினமும் உங்க வீட்டுக்காரரு வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க. இன்னிக்குப் புகை என்ன நிறம்னு கேளுங்க. ஆரஞ்சுல நின்னேன்னு சொன்னா, எனக்கு ஒண்ணுமில்லன்னு அவரு சொல்றத நம்பாதீங்க. நடக்க விடாதீங்க, வேலை செய்ய விடாதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒண்ணுமில்லன்னா நாளைக்கு என்னைத் திட்டிக்கங்க."

அப்புறம் முகமூடியை எடுத்தார். புகை முழுசும் கலைகிற வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது, முகமூடி இருக்கிறதென்று முன்னால் இறங்கவும் கூடாது, மிச்சம் மீதி இருந்தால் காப்பாற்றத்தான் இது என்று ரெண்டு மூன்று தடவை சொன்னார். அது முகத்தில் காற்றுப் புகாமல் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டாம். தலையில் ஒரு ஒளி ஊடுருவுகிற பையைக் கவிழ்த்து, அதற்குள் இனிப்புத் தண்ணீரைப் புகை மாதிரி பீச்சுவார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் டீயில் போடுகிற இனிப்பு. உள்ளே நாக்கில் இனிப்புத் தெரிந்தால் முகமூடி ஒழுகுகிறது என்று அர்த்தம். தெரியாவிட்டால் சரி.

முதலில் அண்ணாச்சி உட்கார்ந்தார். அவர் ஞாயிற்றுக்கிழமைக்காக வழுவழுவென்று சவரம் செய்திருந்தார். பீச்சினார்கள். "ஒண்ணும் தெரியல" என்று கையை ஆட்டினார். அடுத்து எங்க வீட்டுக்காரர். மாலை போட்டுப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும், கன்னம் முழுக்கக் கறுகறுவென்று தாடி. முகமூடியை மாட்டி, பட்டையை இழுத்துக் கட்டி, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

ஒரு பீச்சுதான். கையைத் தூக்கிவிட்டார்.

"என்னவே, எப்படி இருக்கு?" என்று பின்னாலிருந்து ஒருவர்.

"அல்வா மாதிரி இருக்குவே!"

கூட்டம் சிரித்தது. அவரும் முகமூடிக்குள் சிரித்தார். ஆபீசர் மட்டும் சிரிக்கவில்லை. "இது தாடிங்க. ரப்பருக்கும் தோலுக்கும் நடுவுல முடி இருந்தா வழி இருக்குன்னு அர்த்தம். இனிப்பு போற வழியில அந்தப் புகையும் போகும்."

"அண்ணாச்சி, அதுக்கு ஒரு வழி இருக்கு" என்று எங்க வீட்டுக்காரர் முகமூடியைக் கழற்றினார். யாரைப் பார்த்தாலும் அவருக்கு அண்ணாச்சிதான். கழுத்தில் கிடந்த பச்சைத் துண்டை வாய் மூக்கைச் சுற்றிக் கட்டி, அதன் மேல் முகமூடியை மாட்டினார். மாலை போட்ட நாலைந்து பேர் சுரங்கத்தில் இப்படித்தான் செய்துகொண்டிருந்தார்களாம். முருகன் துண்டு உள்ளே, கம்பெனி முகமூடி வெளியே, ரெண்டு காவல் என்று நினைப்பு. மறுபடி பீச்சினார்கள். முதல் தடவையைவிடச் சீக்கிரம் கை மேலே போனது.

அந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நான் அக்கா கையைப் பிடித்திருந்தேன். எப்போது பிடித்தேன் என்று தெரியாது.

மறுநாளே ஆபீசர் தாடிக்காரர்களை எல்லாம் முகமூடி வேலையிலிருந்து எடுத்துவிட்டார். "தாடி எடுங்கன்னு நான் சொல்ல மாட்டேங்க, அது உங்க நம்பிக்கை. தாடி இருக்கற வரைக்கும் முன்னால இறங்க வேண்டாம்." எங்க வீட்டுக்காரரைச் சிவப்புக் கொடி பிடித்து வழியில் ஆட்களை மறிக்கிற காவலுக்குப் போட்டார்கள். அவருக்கு அது பெரிய மானக்கேடு. "அண்ணாச்சி கூட ஒரு சின்னப்பய இறங்குதான். நான் மாட்ட மறிக்கிற மாதிரி கொடியப் பிடிச்சிட்டு நிக்கேன்" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்.

ஒரு நாள் நான் பைய ஆரம்பித்தேன். "ஏங்க, தாடிய எடுத்திரலாமா?"

தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "எதுக்கு வேண்டிக்கிட்டது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீதான சொன்ன, வேண்டிக்கிடுங்கன்னு."

"நான்தான் சொன்னேன். பூட்ஸுக்குப் பொறுத்தவரு தாடிக்குப் பொறுக்க மாட்டாரா?"

"பூட்ஸு முதல்லயே சொல்லி வாங்குனது. தாடி நேந்துக்கிட்டது. நடுவுல எடுத்தா விரதம் முறிஞ்சிராதா?" அப்புறம் குரல் இறங்கிப்போனது. "இந்த வருசம் வந்துருமோன்னு ஒரு இது இருக்குட்டி. நாமளே கெடுத்துக்கிட வேண்டாம்."

அந்த ‘ஒரு இது’ எனக்கும் இருந்தது. அவரைவிட எனக்குத்தான் அதிகம் இருந்தது. கொடி பிடித்துத் தூரத்தில்தானே நிற்கிறார், புகைக்குப் பக்கத்தில் போகவில்லையே என்று மனசைச் சமாதானப்படுத்தினேன். தாடி இருக்கட்டும், பிள்ளை வரட்டும், புகை அண்டாமல் இருக்கட்டும் என்று மூன்றையும் சேர்த்து விளக்கேற்றும்போது கேட்டேன்.

அந்தக் கேள்வி மட்டும் எங்கள் தெருவில் நிலைத்துவிட்டது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து சைக்கிளும் பைக்குமாக வரும்போது வாசல் வாசலாக, "என்ன கலரு?" "வெள்ளை!" "என்ன கலரு?" "சாம்பலு!" என்று கேட்கும். குடித்துவிட்டு வருகிற ஒருத்தரிடம் அவர் பெண்டாட்டி, "புகை இருக்கட்டும், உம்ம கண்ணு என்ன கலருவே?" என்று கேட்டு ஊரே சிரித்தது. ஒரு வாரத்தில் அந்தப் பலகை சொல்லாததை இந்தப் பொம்பளைகள் சொல்லிவிட்டார்கள்.

மார்கழி பிறப்பதற்கு முன்னால் மழை பிடித்தது. தாமிரபரணியில் கலங்கல் தண்ணீர் படித்துறை மூடப் போனது. சுரங்கத்தில் பம்ப் வைத்து இறைத்து இறைத்துத்தான் வேலை. அப்படி ஒரு நாள் சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் கொஞ்சம் சீக்கிரமே வந்தார். நனைந்திருந்தார். வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது ரெண்டு தடவை இருமினார்.

"என்ன கலரு?" என்றேன் அடுப்படியிலிருந்து.

"மழையில என்னத்த கலரு தெரியுது. வெந்நி போடு."

வெந்நீர் அண்டாவுக்குப் பக்கத்தில் அவர் கழற்றிப் போட்ட பச்சைத் துண்டை எடுத்தேன். துவைக்கலாம் என்று எடுத்தது. மூக்கில் சுருக்கென்று ஏறியது. பஞ்சாயத்துத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட அன்றைக்கு ஒரு நெடி வருமே, அந்த மாதிரி.

துண்டோடு வெளியே வந்தேன். "ஏங்க. என்ன கலரு?"

"அதான் சொன்னேன்லா."

"நீங்க சொல்லல. மழைன்னீங்க."

"ஏட்டி, எனக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான இருக்கேன். நான் எட்டத்துல நின்னேன்."

"நல்லாருக்கேன்னு சொன்னா நம்பக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. மாலையத் தொட்டுச் சொல்லுங்க. என்ன கலரு?"

அவர் கை மாலைக்குப் போனது. மாலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். மாலையில் கை வைத்துப் பொய் சொல்ல அவரால் முடியாது. எனக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும்.

"ஆரஞ்சு" என்றார்.

காற்றுத் திரும்பிவிட்டதாம். பள்ளத்தில் கிடக்க வேண்டிய புகை மேலே ஏறி, இவர் கொடி பிடித்து நின்ற வழிக்கே வந்திருக்கிறது. ஆபத்துக்கு என்று இடுப்பில் தொங்கின முகமூடியை எடுத்து, துண்டுக்கு மேலே, தாடிக்கு மேலே மாட்டிக்கொண்டு ஒதுங்கியிருக்கிறார். உள்ளே நெடி தெரிந்ததா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். ஆபீசரிடம் ஏன் சொல்லவில்லை என்றால், "சொன்னா காவலுக்கும் லாயக்கில்லன்னு வீட்டுக்கு அனுப்பிருவாரு" என்கிறார்.

நான் வாசலில் நின்று கத்தினது அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். அக்காதான் ஓடி வந்தாள். அண்ணாச்சி அப்போதுதான் சட்டையைக் கழற்றியிருக்கிறார், பனியனோடு வந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். "ஏலே மூதி, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?" என்று அடிக்கப் போகிற மாதிரி கையை ஓங்கிவிட்டு, அதே கையால் இவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "நடக்காத. ஒரு எட்டு எடுத்து வைக்காத." ஆட்டோ வரும்வரை பிடித்த பிடியை விடவில்லை.

பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் அண்ணாச்சி, ஆபீசர் சொல்லிக் கொடுத்திருந்த மாதிரியே, வெடிப்புகை, ஆரஞ்சு நிறம், இத்தனை மணிக்கு என்று சொன்னார். போகும்போது எங்க வீட்டுக்காரர் நன்றாகப் பேசிக்கொண்டுதான் வந்தார். "இவளுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு, நீரும் கூடச் சேர்ந்து ஆடுதீரே" என்று அண்ணாச்சியைத் திட்டினார். கட்டிலில் படுக்கவைத்து விரலில் கிளிப் மாட்டினார்கள். பொழுது இருட்ட இருட்ட அவருடைய பேச்சு குறைந்தது. ஒரு வாக்கியத்துக்கு நடுவில் ஒரு மூச்சு, அப்புறம் ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு. டாக்டரம்மா எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். அந்தப் பிளாஸ்டிக் மூடியும் தாடி மேல்தான் உட்கார்ந்தது. நர்ஸ் அதை அமுக்கி அமுக்கி வைத்தாள். ஓரத்தில் காற்று சீறுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் கந்தர் சஷ்டிக் கவசம் சொல்லிப் பார்த்தேன். தினமும் சொல்கிறது. பாதியில் வரி மறந்துபோய்விட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் அதே இடத்தில் மறுபடி மறந்தது. பக்கத்தில் அக்கா அவளுடைய ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒன்று பட்டது. இத்தனை வருஷமாக நான் ஏங்கினது வரப்போகிற ஒரு ஆளுக்காக. அந்த ஆளுக்குப் பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன். வந்திருக்கிற ஆளுக்காக ஏங்கினதே இல்லை, ஏனென்றால் அவர் தினமும் சாயங்காலம் வந்துவிடுவார். இப்போது அவர் கண்முன்னால் கிடக்கிறார், நான் அவருக்காக ஏங்கிக்கொண்டிருக்கிறேன். அவர் திரும்பவும் சோற்றைப் பிசைந்துகொண்டு அந்தக் கொடியைப் பற்றிப் புலம்ப வேண்டும் என்று ஏங்கினேன். வேறொன்றும் இல்லை.

விடிந்து, டாக்டரம்மா வந்து நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். "இனிமே பயமில்ல. நேத்தே வந்தீங்க, பிழைச்சீங்க. வீட்டுல தூங்கியிருந்தா கஷ்டம்" என்றார். பின்னாலேயே ஆபீசர் வந்தார். கையில் ஆரஞ்சுப் பழப் பை. அதைப் பார்த்ததும் அண்ணாச்சி, "வேற கலர்ல பழமே கெடைக்கலியா சார்?" என்றார். ஆபீசருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். எங்க வீட்டுக்காரர் சிரிக்கப் போய் இருமினார். அந்த இருமலைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு, அவர் கொஞ்சம் தெளிந்ததும் சொன்னேன். "தாடிய எடுங்க. நேர்ச்சை முறியாது. உங்க முடிக்குப் பதிலா என் முடியக் குடுக்கேன்."

"என்னட்டி சொல்லுத?"

"மொட்டை போடுதேன், செந்தூர்ல."

அவர் என் தலையைப் பார்த்தார். எனக்கு அப்போது இடுப்புக்குக் கீழே முடி. எங்கள் தெருவில் அந்த முடிக்கு நல்ல பேர். கல்யாணத்தின்போது அவர் பக்கத்து ஆட்கள், பொண்ணு கறுப்புதான், ஆனா முடியப் பாருங்க என்று சொன்னார்களாம். அவரும் அதில்தான் விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறார்.

"வேண்டாம்" என்றார்.

"உங்களக் கேக்கல. முருகன்கிட்டச் சொல்லிட்டேன்."

"எப்போ?"

"கவசம் மறந்துபோச்சுல்லா, அப்போ."

அவர் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். தாடியை நான்தான் எடுத்துவிட்டேன். முழுக்க வழித்ததும் அவர் முகம் கல்யாணத்தன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது. கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "முருகன் என்ன நெனைப்பாரோ" என்றார். பச்சை வேட்டியையும் மாலையையும் அவர் கழற்றவில்லை.

எங்கள் தெருவில் தாடி இல்லாமல் பச்சை வேட்டி கட்டின முதல் ஆள் அவர்தான். முதலில் கேலி பேசினார்கள். "என்னவே, மாலை போட்டுட்டுக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வாரீரு?" நடந்ததைக் கேட்டபின் கேலி நின்றது. அதற்குப் பிறகு இன்னும் ரெண்டு பேர் தாடியை எடுத்தார்கள். மற்றவர்கள், தாடி இருக்கிற வரைக்கும் புகை எட்டாத வேலை கேட்டு வாங்கிக்கொண்டார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. ஆபீசர் மறுபடியும் ஒரு தடவை அந்த இனிப்புச் சோதனை வைத்தார். எங்க வீட்டுக்காரர் அதில் உட்கார்ந்து, கையைத் தூக்கவே இல்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் நெஞ்சு ஏறி இறங்கினதைத்தான் பார்த்தேன்.

தைப்பூசத்துக்கு அவரை நடக்க விடவில்லை. டாக்டரம்மா கூடாது என்றிருந்தார். பஸ்ஸில்தான் போனோம். செய்துங்கநல்லூர் தாண்டி வழியெல்லாம் பச்சைப் பச்சையாக ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள், காவடியும் பாட்டுமாக. அவர் ஜன்னலோரம் தலையை வைத்து அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த நடையில் அவர் மனசு இருந்தது.

முடி இறக்குகிற இடத்தில் வரிசையில் என் முன்னும் பின்னும் கைக்குழந்தைகள்தான். முதல் மொட்டை. வீல் வீலென்று அலறல், அம்மாமார் சமாதானம், தாத்தாமார் பலூன். நான் மட்டும் என் தலையைக் கொடுக்க உட்கார்ந்தேன். முடி எடுக்கிறவர் தலையில் தண்ணீரைத் தெளித்துவிட்டு ஒரு நிமிஷம் கத்தியை நிறுத்தினார். "தாயி, முழுசுமா? இல்ல பூமுடியா, நுனிய மட்டும் எடுத்தாப் போதுமா?"

"முழுசும்" என்றேன்.

மடியில் விழ விழ அது கனத்தது. எங்க வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க முடியாமல் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். முடிந்ததும் காற்றுத் தலையில் பட்டது. அந்த மாதிரி ஒரு குளிர்ச்சியை நான் அறிந்ததில்லை. கடலில் முங்கினோம், நாழிக்கிணற்றில் குளித்தோம், சந்தனம் பூசிக்கொண்டேன், வரிசையில் நின்றோம்.

அந்தக் கூட்டத்தில் மூலவர் முன்னால் நிற்கக் கிடைப்பது கண்ணிமைக்கிற நேரம். முன்னால் இருக்கிறவர் நகர்ந்ததும் தீப வெளிச்சத்தில் முகம் தெரியும். உடனே, "நகருங்க, நகருங்க" என்று தள்ளிவிடுவார்கள். வருஷா வருஷம் அந்த ஒரு கணத்துக்குத்தான் நான் வாக்கியத்தை முதலிலேயே தயார் செய்து வைத்திருப்பேன். ஒரு பிள்ளையைக் கொடு முருகா. நாலே வார்த்தை. அந்த வருஷமும் வரிசை முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். முகம் தெரிந்தது. வாயிலிருந்து வந்தது வேறு. "அவுக மூச்ச வச்சிரு."

தள்ளிவிட்டார்கள். வெளியே வந்துவிட்டேன்.

கடற்கரையில் மணலில் உட்கார்ந்தோம். சுற்றிலும் சந்தனத் தலைக் குழந்தைகள் மணலை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை வருஷமாகக் காத்திருந்து, இத்தனை முடியைக் கொடுத்து, கேட்க வேண்டியதைக் கேட்காமல் வந்துவிட்டேனே என்று.

"என்னட்டி, முடிக்கா அழுத?"

"இல்ல. நான் பிள்ளையக் கேக்கல. நேரே போய் நின்னதும் வேற கேட்டுட்டேன்."

என்ன கேட்டேன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும். என் மொட்டைத் தலையில் ஒட்டியிருந்த மணலைத் துண்டால் தட்டிவிட்டார்.

"அதுக்கென்ன இப்போ. நான் கேட்டிருக்கேம்லா" என்றார்.

நான் கேட்டது கிடைத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு நாள் சாயங்காலமும் கிடைக்கிறது. அவர் கேட்டதற்குத்தான் இன்னும் காத்திருக்கிறோம்.